தடைக்காலத்தில் மலைக்கு: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம், ஏன்?

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் குடும்பத்தோடு வெளியூர் போக வாய்ப்பது இந்த இரண்டு மாதம்தான். பள்ளி விடுமுறையும் கூடவே வருகிறது. வேன் பேசினால் போகுமிடம் அநேகமாக மலைதான், அதிலும் கொடைக்கானல் அல்லது ஊட்டி.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் உத்தரவு வந்திருப்பதும் இதே மாதங்களுக்குத்தான். இ-பாஸ் (வண்டி மலையேற இணையத்தில் எடுக்கும் அனுமதி) கிடைக்காவிட்டால் என்ன செய்வது, பேருந்தில் போனாலும் வேண்டுமா, மூணாறுக்கும் உண்டா என்ற குழப்பம் அதனால் வருகிறது. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் மலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எப்போது மழை என்பது தெரிந்தால் இந்த இரண்டு ஊர்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதும் புரியும்.

மலை எங்கே தொடங்குகிறது

ராமநாதபுரத்துக்குப் பக்கத்து மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையின் தேனி–கொடைக்கானல் பகுதி. மாவட்டத்துக்கும் அந்த மலைக்கும் உள்ள தொடர்பு வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை அருகே கடலில் சேர்கிறது. மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரும் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பப்படுகிறது. கண்மாய்க்கு வரும் தண்ணீரின் தடத்தை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு போனாலே கம்பம் பள்ளத்தாக்கு வந்துவிடும்.

சாலையும் அப்படித்தான். தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில் கடலோரம் தொடங்கி மதுரை, உசிலம்பட்டி, தேனி, போடி, போடிமெட்டு, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போகிறது. ராமேசுவரம் பக்கத்துக்காரர்கள் 87-இல் ஏறித் திருப்புவனம் அருகே இதில் சேர்ந்துகொள்ளலாம். தோராயமான தூரங்கள்:

1. ராமநாதபுரத்திலிருந்து மதுரை 115 கி.மீ.; ராமேசுவரத்திலிருந்து என்றால் 170.
2. மதுரையிலிருந்து தேனி 75 கி.மீ., அங்கிருந்து போடி 15.
3. போடியிலிருந்து மூணாறு 70 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இதற்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.
4. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் 120 கி.மீ. அளவில்.

பேருந்தில் போவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராமேசுவரம், ராமநாதபுரம் பேருந்துகள் மதுரையில் மாட்டுத்தாவணிக்கு வரும். தேனிக்கும் கொடைக்கானலுக்கும் ஆரப்பாளையத்திலிருந்து ஏற வேண்டும். நகருக்குள் இந்த மாற்றத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் தனியாக வேண்டும். ரயிலில் மதுரை வந்தால் இந்த அலைச்சல் கிடையாது. மதுரை–போடி அகல ரயில்பாதையில் 2023 ஜூன் முதல் போடி வரை வண்டி ஓடுகிறது.

உயரம் என்ன செய்கிறது

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. பாம்பனில் பகலில் 34 டிகிரி என்றால், 1,500 மீட்டரில் உள்ள மூணாறில் 24-ஐ ஒட்டியும், 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலில் 20-ஐ ஒட்டியும் இருக்கும்.

இதில் பலர் ஏமாறுவது கம்பம் பள்ளத்தாக்கில். சுற்றிலும் மலை தெரிவதால் குளுகுளு என்று இருக்கும் என நினைத்துக் கம்பத்திலோ சின்னமனூரிலோ அறை போடுகிறார்கள். அந்தத் தரை 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, கடற்காற்றும் கிடையாது. மே மாதப் பகலில் அது நம் கடற்கரையைவிடச் சூடு. அங்கே குளிர்ச்சி வருவது ஜூனில், தென்மேற்குப் பருவமழையின் சாரல் மலையைத் தாண்டி விழத் தொடங்கியபிறகு.

இன்னொரு விதிவிலக்கு விடியற்காலை. தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால், கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தின் அடியில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் மூணாறு, ஊட்டிப் பள்ளங்களில் புல்மேல் உறைபனி படிவது இதனால்தான். மேட்டில் இருக்கும் விடுதியைவிட ஓடைக்கரை விடுதியில் அந்த மாதங்களில் குளிர் அதிகம்.

இரண்டு மழை, இரண்டு சரிவு

பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இதுதான். தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் மோதிக் கொட்டுகிறது. கிழக்கே இறங்கும்போது அந்தக் காற்று ஈரத்தை இழந்து சூடாகிவிடுகிறது. இப்படி மழை கிடைக்காமல் போகும் பக்கத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். மூணாறு நனைந்துகொண்டிருக்கும் ஜூலையில் போடியில் வெறும் காற்றும் தூறலும் மட்டும் இருப்பது இதனால். ராமநாதபுரம் அந்த மறைவின் கடைசியில் இருக்கிறது. நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக் காற்றோடு வருவது. அந்த வடகிழக்குப் பருவமழை கொடைக்கானல், மேகமலை, சிறுமலை ஆகிய கிழக்குச் சரிவுகளில் நன்றாக இறங்கும்.

மாத வாரியாகப் பார்த்தால்:

1. ஜனவரி முதல் மார்ச் வரை: எல்லாப் பக்கமும் தெளிவு, காட்சிக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. இரண்டு தடைகள் உண்டு. மூணாறு இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவது வழக்கம். காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றப் பாதைகளும் பிப்ரவரிக்குப் பிறகு மூடப்படலாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு இதில் வனத்துறை விட்டுக்கொடுப்பதில்லை.

2. ஏப்ரல், மே: காலையில் வெயில், மதியத்துக்கு மேல் இடிமழை. பார்வைமுனைகளைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். பிறகு மேகம் ஏறி எதிரே வெள்ளைத் திரை மட்டும் தெரியும்.

3. ஜூன் முதல் செப்டம்பர் வரை: கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள். மூணாறு, வால்பாறைப் பக்கம் கனமழை. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு மிக அழகாக இருப்பதும் இப்போதுதான். முல்லைப் பெரியாறு அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்து, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நடவு நடக்கும்.

4. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை: கிழக்குச் சரிவில் மழை. இந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கண்ணெதிரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கொடைக்கானல் பயணத்தையும் தள்ளிப்போடுங்கள். வங்கக்கடலில் உருவாகிக் கரை கடக்கும் சுழற்சி மேற்கே நகர்ந்தால் அடுத்து மோதுவது அந்தச் சரிவில்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் பக்கம் நகர்ந்தபோது கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, போக்குவரத்தே நின்றுபோனது.

இ-பாஸ்: என்ன, யாருக்கு

மலை ஊர்ச் சாலைகளும் தண்ணீரும் தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் வருகின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. தொடக்கத்தில் இது கணக்கெடுக்க மட்டுமே. விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் கிடைத்தது. 2025-இல்தான் உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்திருக்கிறது. எண்ணிக்கையை நீதிமன்றம் மாற்றக்கூடும் என்பதால், கிளம்பும் மாதத்தில் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் தெரிய வேண்டியவை:

1. பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வண்டி எண், வகை, எரிபொருள், எத்தனை பேர், வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும். கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்து இணையதளத்துக்குள் நுழையலாம்.

2. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளமும் 'நாங்கள் எடுத்துத் தருகிறோம்' என்று வரும் வாட்ஸ்அப் செய்தியும் அரசுடையவை இல்லை.

3. அரசுப் பேருந்தில் போகும் பயணிக்கு இ-பாஸ் தேவையில்லை. ஒதுக்கீடு முடிந்துவிட்ட நாளில் வண்டியை வத்தலக்குண்டிலோ பழனியிலோ விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறலாம். கொடைக்கானலுக்குள் சுற்ற உள்ளூர் வாடகை வண்டிகள் இருக்கின்றன.

4. வேன் மாறினால் பாஸும் மாறும். வாடகை வண்டியில் இதுதான் அடிக்கடி கோளாறு. முதல் நாள் இரவு உரிமையாளர் வேறு வேன் அனுப்புகிறார், கையில் இருப்பதோ பழைய எண்ணுக்கு எடுத்த பாஸ். சாவடியில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் எண் பொருந்தாது. வண்டி எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

5. திருமணக் கோஷ்டி, தெருவே சேர்ந்து போகும் சுற்றுலா என்று பெரிய பேருந்து பேசுவோர்: 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகளுக்குக் கொடைக்கானலில் 2024 நவம்பரில் தடை விதிக்கப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் நீளமான வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்துத் திருப்பும்போது இரண்டு பக்கமும் சாலை அடைத்துக்கொள்ளும்.

6. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாத்திரமோ ஐந்து லிட்டர் கேனோ கொண்டுபோங்கள். மூணாறு உட்படக் கேரள மலை ஊர்களிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2025 அக்டோபர் 2 முதல் தடை.

மூணாறுக்குத் தமிழ்நாட்டின் இ-பாஸ் பொருந்தாது, அது கேரளம். ஆனால் மஞ்சள் பலகை வண்டி மாநில எல்லை தாண்ட அனுமதியும் வரியும் சரியாக இருக்க வேண்டும். அதை உரிமையாளரிடம் கேட்டு, தாள்களைப் பார்த்துவிட்டு ஏறுவது பயணியின் பொறுப்பு. போடிமெட்டுச் சாவடியில் நின்றுகொண்டு தகராறு செய்து பயனில்லை.

இதன் விளைவு என்னவென்றால், மே மாதச் சனி ஞாயிறில் கொடைக்கானல் நகரத்தைத் தேடிப் போவது இனி சிரமம். தடைக்காலத்தில் நம்மிடம் இருக்கும் ஒரே சலுகை வாரநாள். செவ்வாய், புதனில் ஏறி வியாழனில் இறங்குபவருக்கு அறையும் சல்லிசு.

எங்கே போகலாம்

*கொடைக்கானல் மேல்மலை.* ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் ஒரு காலையில் முடித்துவிட்டு, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் போங்கள். பூம்பாறை நகரிலிருந்து 20 கி.மீ.க்குள். சாலையின் வளைவு ஒன்றில் நின்றால் ஊர் முழுக்கக் கீழே தெரியும்: ஓட்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நடுவில், சுற்றிலும் பூண்டும் கேரட்டும் உருளையும் போட்ட படிவரப்புகள், மண்ணின் சிவப்பும் பயிரின் பச்சையும் மாறி மாறி. வரப்பை மிதித்து இறங்கிப் படம் எடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அது ஒருவருடைய வயல் என்பது ஏனோ மறந்துபோகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் புல்வெளியும் இருக்கின்றன. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைதான், காலையிலேயே தீர்ந்துவிடும்.

*போடிமெட்டு, மூணாறு, கொழுக்குமலை.* போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றில் ஒரு பங்கு ஏறியதுமே தேனிச் சமவெளி கீழே விரிகிறது. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். அந்த ஏலக்காய் இறங்கி வந்து விற்பதற்குத்தான் போடியில் ஏல மையம். பூப்பாறை தாண்டித் தேவிகுளம் போகும் கேப் ரோடு தென்னிந்தியாவின் நல்ல மலைச்சாலைக் காட்சிகளில் ஒன்று. மலையை வெட்டி அகலப்படுத்திய சாலை என்பதால் மழைக்காலத்தில் பாறை விழுந்து அடிக்கடி மூடப்படுவதும் அதுதான்.

கொழுக்குமலை விசித்திரமான இடம். நிலம் தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கு மேல். ஆனால் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து மட்டும்தான். சொந்த வண்டி போகாது, ஜீப்தான். சூரியோதயத்துக்கு விடியற்காலை 4 மணி வாக்கில் கிளம்ப வேண்டும். பாதை முழுக்கக் கல். முதுகுவலி, கழுத்துவலி இருப்பவரும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. நீலக்குறிஞ்சி பார்க்க வேண்டுமென்றால் பொறுக்க வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடி மூணாறுப் பகுதியில் 2006, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் 'குறிஞ்சி பூத்தது' என்று வரும் படங்கள் பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சிகள்.

*மேகமலை.* இ-பாஸ் நெருக்கடிக்கு நல்ல மாற்று இதுதான் என்பது என் கணிப்பு. சின்னமனூரிலிருந்து 40 கி.மீ. அளவு, 18 வளைவு, 1,500 மீட்டர் உயரம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிறு நீர்த்தேக்கங்கள், சுற்றிலும் காடு. அது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். மாலை 6 மணிக்குச் சாவடி மூடினால் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ராமேசுவரத்திலிருந்து காலை 8 மணிக்குக் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் நின்று சாப்பிட்டு வந்தால் சாவடியில் மாட்டிக்கொள்ள நேரலாம். தங்கும் இடங்கள் குறைவு, கடை அதைவிடக் குறைவு, பெட்ரோல் பங்க் கிடையாது. சின்னமனூரிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டை உண்டு. காலுறைக்கு மேல் உப்பைத் தடவிக்கொண்டால் போதும்.

*கம்பம் பள்ளத்தாக்கு.* மலைமேல் தங்காமல் மலையைப் பார்த்துவிட்டு வர நினைக்கும் வயதானவர்களுக்கு ஏற்றது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சுருளி அருவி, திராட்சைத் தோட்டங்கள், குமுளி மலையடிவாரம் வரை வளைவில்லாத சமவெளிச் சாலை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைத்தது. அருவியில் குளிக்கும்போது தண்ணீர் திடீரெனக் கலங்கலாக மாறினாலோ குச்சி, சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். மேலே மழை பெய்திருக்கிறது.

*வால்பாறை.* ஆழியாறிலிருந்து 40 வளைவு. ராமநாதபுரத்திலிருந்து ஒரே நாளில் போய்ச் சேர நினைக்க வேண்டாம். பொள்ளாச்சியில் தங்கிக் காலையில் ஏறுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம், தீனி போடக் கூடாது. அந்தி சாய்ந்தபின் யானை நடமாட்டம் என்பதால் இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

நாள் கம்மியாக இருந்தால் திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை இருக்கிறது. ஒரு பகலில் போய்த் திரும்பலாம், பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது.

கடற்கரை வண்டி ஏன் மலையில் படுத்துகிறது

ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கத் தட்டை. ஒரு வேன் ஐந்து வருடம் ஓடினாலும் பிரேக்கை முழுமையாகச் சோதிக்கும் ஒரு சரிவு கிடையாது. கோளாறு இருந்தாலும் ஊரில் தெரியாது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போதுதான் தெரியவரும்.

கார், வேன், சிறிய டிராவலர் வகைகளில் மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். கடற்கரையின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் உறிஞ்சும். புதிய டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230-லிருந்து 155. இறக்கத்தில் நடப்பது இதுதான்:

1. ஓட்டுநர் காலை எடுக்காமல் பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருகிறார். பேடும் டிஸ்க்கும் சூடாகின்றன, ரப்பர் கருகும் வாடை வருகிறது.
2. தேய்மானப் பரப்பு மிதமிஞ்சிச் சூடானால் பிடிப்பு குறைகிறது. அதே அளவு மிதித்தும் வண்டி நிற்பதில்லை.
3. சூடு ஆயிலுக்கு ஏறி, உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். மிதி பஞ்சுபோல் தரைவரை போய்விடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது நிலைக்கு வந்துவிட்டால் கியரைக் குறைத்து, கைபிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு முன்பே தடுக்க வேண்டும். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை ஓங்கி மிதித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். வாடை வந்தால் அகலமான இடத்தில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, எஞ்சினை அணைத்து இறங்குவது இரண்டும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பிரேக்கின் உதவி விசையும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே போய்விடும்.

கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை: இரண்டு வருடத்துக்கு மேலான பிரேக் ஆயிலை மாற்றுவது, அடிப்பகுதியில் உலோகப் பிரேக் குழாய்களைத் துருவுக்குப் பார்ப்பது, கைபிரேக் சரிவில் வண்டியை நிறுத்துகிறதா என்று பார்ப்பது, ரேடியேட்டரில் வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுவது. தனுஷ்கோடிச் சாலையில் அடிக்கடி ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றால் குழாய் துருப்பிடிப்பது சகஜம். மேலே பெயிண்ட் அடித்திருந்தால் அது கண்ணுக்குப் படாது.

ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மேடேறும்போது நின்றால் மறுபடி எடுப்பது கடினம் என்பதால்தான் இந்த முறை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணிலேயே திரும்பும். லோ பீம்தான் சரி.

உடம்பு

உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். கொடைக்கானலும் ஊட்டியும் அதற்குக் கீழே. வழியில் வாந்தி வருவது வளைவுகளால்: உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது, கைபேசியைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பது, வயிற்றைக் காலியாகவும் விடாமல் நிரப்பவும் நிரப்பாமல் இருப்பது உதவும். வாந்தி மாத்திரையை வண்டி மலையேற அரைமணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் என்பதால் ஓட்டுநர் போடக் கூடாது. காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுங்கள்.

நம் கடற்கரைக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை: கம்ப்ரசர் போட்டுச் சங்கு குளிப்பவர்களும் ஸ்கூபா போனவர்களும் மூழ்கி எழுந்த அன்றே மலையேறக் கூடாது. ஆழத்தில் அழுத்தத்தோடு உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழாகி மூட்டுவலி, மரமரப்பு, மோசமானால் பக்கவாதம்வரை போகலாம். விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளியையே இதற்கும் கடைப்பிடிக்கலாம்: ஒருமுறை மூழ்கியிருந்தால் 12 மணி நேரம், பலமுறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம், நெடுநேரம் ஆழத்தில் இருந்தால் 24 மணி நேரத்துக்கு மேல். மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாசி எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை.

அடுப்பும் அரிசியும் ஏற்றிப் போகும் கோஷ்டிக்கு: கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் மசியாது. குக்கர் எடுத்துப் போங்கள், பருப்பை முன்கூட்டியே ஊறவையுங்கள்.

எப்போது திரும்பிவிட வேண்டும்

ஒரு நாள் கொட்டிய மழையைவிட, இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து மண் நீர் குடித்தபின் வரும் கனமழைதான் சரிவைத் தள்ளுகிறது. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு சரிந்த மண் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடி 70 உயிர்களைக் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட தொடர்மழைக்குப் பிறகுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள்.

1. போகும் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் ஏறக் கூடாது. மூணாறுக்குப் பார்க்க வேண்டியது இடுக்கி மாவட்டத்தின் எச்சரிக்கையை; தேனியில் வெயில் அடிப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.
2. சாலையோர வெட்டுச்சரிவில் புதிதாகக் கலங்கல் நீர் கசிந்தாலோ, மரங்கள் சாலைப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, தாரில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.
3. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் போகும் சாலை தூரம் குறைவு என்று வரைபடச் செயலி காட்டும். பாறை விழும் சாலை அது. மழைநாளில் வத்தலக்குண்டு வழியே போங்கள்.
4. மேலே போனபின் மழை பிடித்துக்கொண்டால் இருட்டில் இறங்க முயல வேண்டாம். விடுதியில் இன்னொரு இரவுக்குச் சொல்லிவிட்டு, காலையில் கீழிருந்து முதல் பேருந்து ஏறி வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.